முத்துக்கரைச் சிப்பியும் சுடுமண் ஓடும்

கொற்கை முத்தினைப் பற்றி எழுதினோர் பலர். முத்தை எடுத்துக்கொண்டபின் கரையில் எறியப்பட்ட சிப்பி என்னவாயிற்று என்று வினவினோர் மிகச் சிலரே. பல நூறு சிப்பிகளைத் திறந்தால் விலைபெறும் முத்து ஒன்று கிடைத்தலே அரிது. எஞ்சியன யாவும் ஓடே. மன்னார்க் குடாவின் எதிர்க்கரையில் 1905-இல் நிகழ்ந்த ஈழத்துச் சலாபத்தில் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. ஒரே பருவத்தில் ஒரு கரையில் இத்துணை ஓடு குவிந்ததெனின், பல நூற்றாண்டு முத்துக்குளிப்பில் குவிந்த ஓட்டின் அளவை ஒருவாறு உய்த்துணரலாம். அக்குவியல்கள் இன்று இல்லை. அவை சென்ற வழியைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி இப்பொழுது வேண்டப்படுவதற்கு ஒரு காரணமும் உண்டு. சிப்பி, நத்தை, நண்டு முதலிய கடலுணவுக் கழிவின் ஓட்டைத் தூளாக்கிக் களிமண்ணொடு கலந்து சுட்டால் ஓடு உறுதிபெறும் என்பதைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இக்காலத்தில் சோதித்து வருகின்றன. இத்தகைய செய்தி ஒன்று வெளிவந்தவுடனே, 'இது நம் முன்னோர் அறிந்ததே' என்று கூறிவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கூற்று மெய்யாயின் மகிழ்ச்சியே. ஆயின் மெய்யா என்று முதற்கண் ஆராய்தல் வேண்டும். முன்னோர்க்கு இல்லாத புகழை ஏற்றிக் கூறுவோர், அவர்க்கு உள்ள புகழைக் காணாது விடுவர் என்பதனை இப்பொருளிற் கண்கூடாகக் காண்கிறோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழில் 'ஓடு' என்பது ஆமை, நத்தை, சிப்பி ஆகியவற்றின் மேற்கூட்டையும் குறிக்கும். வீட்டின் மேல் வேயும் சுடுமண் தகட்டையும் குறிக்கும். உடைந்த கலத்தின் துண்டினையும், மண்டையோட்டினையும் குறிக்கும். இஃது உவமையாற் பெருகிய பெயரென்றே கொள்ளத்தகும்: உள்ளிருப்பதைக் காக்கும் கடினமான மூடியே யாண்டும் ஓடு. சிப்பியோட்டையும் கூரையோட்டையும் ஒரே சொல்லால் வழங்கியமையின், ஒன்றை மற்றொன்றிற் கலந்தனர் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. இவ்வாறு முடிவுகட்டும் கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். சொல்லாராய்ச்சிக்கு அவற்றினும் பெருந்தீங்கு பிறிதில்லை. ஆயின் 'நீறு' என்னும் சொல் நமக்கு உதவுகிறது. நீறு என்பது சுட்டுப் பொடியான பொருள். சாம்பலும் நீறு, சுட்ட சுண்ணாம்பும் நீறு. சுட்ட சிப்பியின்மீது நீர் தெளித்துப் பொடியாக்குதலை 'நீற்றுதல்' என்றே இன்றும் கொத்தர் கூறுவர். தீயும் நீரும் அடுத்தடுத்து வேலைசெய்யும் ஒரு தொழில்முறையையே இச்சொல் தன்னகத்துக் கொண்டுளது. சிப்பியின் வரலாறு இவ்விரண்டினும் எதன் வழிச் சென்றது என்பதே நம் வினா.

முத்துக்குளிப்பின் முறையை அறிந்தாலன்றி ஓட்டின் போக்கை அறிதல் இயலாது. கடலடியிலுள்ள சிப்பித் திட்டைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொள்ளாயிரம் பார் பெயர்பெற்றது. பாரினின்று எடுத்த சிப்பிகளைக் கரையில் வேலியிட்ட இடத்திற் குவித்து, வெயிலில் அழுகவிடுவர். ஈயும் புழுவும் சதையைத் தின்று தீர்த்தபின், எஞ்சியதைக் கடல்நீரில் அலசி முத்தைத் தேடுவர். அந்நாற்றத்தைப் பற்றி எழுதாத பிறநாட்டுப் பயணியர் இலர் என்றே கூறலாம். ஆயின் இவ்வழுகலே ஓட்டைத் தூய்மைசெய்தது. சதையற்று, வெயிலிற் காய்ந்து, மழையில் உப்பும் ஓரளவு கழிந்து கிடக்கும் சிப்பி, சுண்ணாம்புக் காளவாய்க்கு மிகவும் ஏற்ற பொருள். மேலும், மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பி மெல்லிய ஓடுடையது. பெரிய முத்துச்சிப்பி வகைகளைப் போலப் பொத்தான் செய்தற்கும் இழைத்தற்கும் அத்துணை பயன்படாதது. சங்கின் நிலை வேறு. அது வங்காளத்து டாக்கா முதலிய நகரங்களுக்கு வளையல் அறுத்தற் பொருட்டுச் சென்றது. சிப்பிக்குத் தீயன்றி வேறு வழி பெரிதும் இல்லை.

சிப்பியோட்டில் நூற்றுக்குத் 95 பங்கிற்கு மேல் கால்சியம் கார்பனேட்டு உளது. அதனை நன்கு சுட்டால் 100 பங்கு எடையில் 44 பங்கு கரியமிலவாயுவாக நீங்கி, 56 பங்கு சுண்ணாம்பாக எஞ்சும். சிப்பிச் சுண்ணாம்பு மிகத் தூயது, வெண்மையானது. அதற்கு மாறாகக் கரிசல் நிலத்திற் கிடைக்கும் சுக்கான் கல்லைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பில் களிமண் கலந்திருத்தலின் நிறம் மங்கியிருக்கும். ஆயினும் அக்களிமண்ணாலேயே அஃது ஈரத்திலும் இறுகும் இயல்பினது. ஆகவே சுவர்கட்டச் சுக்கான் சுண்ணாம்பும், மேற்பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பும் என்று கொத்தர் பகுத்துக் கொண்டனர். 18-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஐரோப்பியர் சலவைக்கல்லோ என்று ஐயுற்று வியந்த வெண்பூச்சு சிப்பிச் சுண்ணத்தால் ஆயதே. இலங்கையில் அரிப்பு என்னும் முத்துக்கரை ஊரில், ஆளுநர் பிரடெரிக் நார்த்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை, செங்கல்லாற் கட்டி முத்துச்சிப்பிச் சுண்ணத்தாற் பூசப்பெற்றது. அதனைக் கார்டினர் 1807-இல் வெளியிட்ட தம் நூலில் விரித்துரைத்துள்ளார். முத்தின் வருவாயை எண்ணுதற்கு வந்தவர் முத்தின் ஓட்டுக்குள்ளேயே குடியிருந்தார் எனலாம்.

இனி எட்டயபுரத்திற்கு வருவோம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசலின் நடுவில் அமைந்த அப்பாளையத் தலைநகர் கடற்கரையூர் அன்று. ஆயினும் அதன் கிழக்கே விளாத்திகுளம் வழியாகச் சென்றால் வைப்பாறு கடலொடு கலக்கும் இடத்தருகே சிப்பிகுளம் என்னும் ஊர் உளது. பெயரே அதன் பொருளைக் கூறும். கரிசலுக்கும் சிப்பிக்கும் இடையே உள்ள தொலைவு மாட்டுவண்டிக்கு எட்டாததன்று. கரிசல் நாட்டில் 'காரை வீடு' என்றால் செல்வர் வீடு என்பது பொருள். மண்சுவரும் ஓலையும் மிகுந்த ஊரில் சுண்ணாம்புக் காரை பூசிய வீடு தனித்துத் தோன்றும். அத்தகைய பழஞ்சுவர்களிற் பூச்சுப் பெயர்ந்த இடத்தை உற்றுநோக்குவோர், முற்றும் வேகாத சிப்பித் துணுக்குகள் வெண்சாந்தினிடையே கிடத்தலைக் காணக்கூடும். துணுக்கு இருப்பின் சுண்ணாம்பு கடலினின்று வந்தது, இல்லையேல் சுக்கான் கல்லினின்று வந்திருக்கலாம். ஏட்டுச் சான்று இல்லாவிடத்து இத்துணுக்கே சான்று. பழங்கட்டடங்களைப் புதுப்பிப்போர் காரையைச் சுரண்டி எறியுமுன் ஒரு கைப்பிடி எடுத்து வைப்பாராயின் பெரிதும் நன்று.

கரிசல் மண்ணின் இயல்பு இங்கு அறியத்தக்கது. நனைந்தால் வீங்கும், காய்ந்தால் ஆள்கால் நுழையுமளவு வெடிக்கும். மாண்ட்மாரில்லோனைட்டு என்னும் நுண்களிமம் மிகுதியாக இருத்தலே இதற்குக் காரணம். இம்மண்ணால் வனைந்த கலமும் ஓடும் காயும்போதே பிளவுபடும். ஆதலின் வேளார் கரிசலை நேரே கொள்ளாது, கண்மாய் வண்டலையும் மணலையும் தேர்ந்து கலந்து பிசைவர். அவர்தம் இரண்டாவது பகை சுக்கான் கல். மண்ணில் அக்கல்லின் சிறுதுண்டு ஒன்று தங்கிவிடின், சூளையில் அது சுண்ணாம்பாகும். ஓடு நன்றாக வெந்து சிவந்து வெளிவரும். சில நாளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிய அச்சுண்ணாம்பு நீறி, ஏறத்தாழ இருமடங்கு பருத்து, ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளைப் பொரியாய்த் தெறிக்கும். மண்ணைக் காலால் மிதிக்கும்போது காலிற் படும் ஒவ்வொரு கல்லையும் எடுத்தெறிவது இதன்பொருட்டே. இத்தொழிலறிவு தலைமுறை தலைமுறையாக வந்தது: சுண்ணாம்பு களிமண்ணுக்கு ஆகாது.

சிப்பியும் சுக்கான் கல்லும் வேதியியலில் ஒன்றே. சுக்கானை எடுத்தெறிந்த கை சிப்பியை வலிந்து சேர்த்திருக்கும் என்று கருதுதல் எங்ஙனம்? முன்னோர் சிப்பியோடு செய்தனர் என்பார் விடைகூற வேண்டிய முதல் வினா இதுவே.

அவர்கள் காட்டக்கூடிய சான்று ஒன்று உண்டு. கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த செங்கல், கூரை ஓடு, சுண்ணச்சாந்து முதலியவற்றை வேலூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் சோதித்ததைக் கூறுகின்றது. சிலிக்காவொடு சுண்ணம், இரும்பு, அலுமினியம், மக்னீசியம் ஆகியவை அவற்றிற் காணப்பட்டன. கூரை ஓட்டில் சுண்ணம் உளது. ஆகவே சுண்ணம் கலந்தனர் என்று சிலர் உரைக்கலாம். இஃது அவசர முடிவென்பது நம் கருத்து. வையை பாயும் நிலத்து வண்டலில் சுண்ணம் இயற்கையாகவே உண்டு. மண்ணிற் புதைந்து கிடந்த ஈராயிரம் ஆண்டுகளில் நிலத்தடி நீரும் அதனைப் புகுத்தியிருக்கும். தனிமங்களின் அளவு, பொருள் யாது என்பதைக் கூறுமேயன்றி, அஃது எவ்வாறு வந்தது என்பதைக் கூறாது. அதற்கு ஓட்டை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துக் காணல் வேண்டும். சிப்பியின் அடுக்கடுக்கான அமைப்பும், கூரிய நீள்துணுக்கும், அவை எரிந்த இடத்து விட்ட தட்டையான குழிகளும் அங்குத் தெரியின், அப்பொழுது பேசலாம்.

சிப்பியைக் களிமண்ணிற் சேர்த்த மக்கள் உலகில் இல்லாமலில்லை. வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் வாழ்ந்த பழங்குடியினர், கி.பி. முதலாயிரத்தின் இறுதிப் பகுதி தொடங்கி, ஆற்றுச் சிப்பியைச் சுட்டுப் பொடித்து மண்ணொடு பிசைந்து கலம் செய்தனர். அவ்வாற்றங்கரை மண்ணும் நம் கரிசலைப் போன்றே வீங்கும் களிமண் மிகுந்தது. சுட்ட சிப்பித்தூள் அம்மண்ணின் நுண்துகள்களைத் திரளச்செய்து, பிசைதற்கு எளிதாக்கி, காயும்போது பிளவாமற் காத்தது. வெடிப்புத் தீங்கினின்று அவர்கள் தப்பியது சூட்டைக் குறைத்ததனால். சிப்பி சிதைந்து சுண்ணாம்பாகத் தொடங்குவது ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேல். அவர்கள் அதற்குள் நின்றனர். சமையற் கலத்துக்கு அச்சூடு போதும். மழையைத் தாங்க வேண்டிய கூரை ஓட்டுக்குப் போதாது.

சூட்டைக் குறைத்தலன்றி வேறொரு வழியும் உண்டு. மண்ணில் உப்புச் சேர்ந்திருப்பின் சுண்ணாம்பு வெடிப்புக் குறைகின்றது என்பதைச் சூளைத்தொழில் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நடுநிலக் கடற்கரை நாடுகளிற் சுண்ணம் மிகுந்த மண்ணைக் கடல்நீரால் பிசையும் வழக்கம் இருந்தது. உப்பளம் நிறைந்த தூத்துக்குடிக் கரையில், உவர்நீரால் பிசைந்த மண்ணில், சிப்பி தீங்கு செய்யாது தங்கியிருத்தல் கூடும். ஆதலின் இவ்வழக்கு தமிழகத்தில் எங்கேனும் இருந்திருக்குமாயின் அதனைத் தேடவேண்டிய இடம் கீழடி அன்று, கொற்கையே. பொருநை வண்டலைக் கொணர, கடல் சிப்பியைக் கொணர, உவர்நிலம் இரண்டினையும் சூழ்ந்த ஊர் அது. கால்டுவெல் அங்கு நிலத்தின் கீழ்க் கடற்சிப்பிகள் கிடத்தலைக் கண்டு, இன்று உள்நாட்டில் நிற்கும் அவ்வூர் முன்பு கடலை அடுத்திருந்தது என்று துணிந்தார். 1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அறுத்தெறிந்த சங்குத் துண்டுகளும் அம்மண்ணிற் கிடைத்துள்ளன. அவற்றோடு கிடைத்த பானையோடுகளில் எழுத்தையும் குறியையும் தேடும் நாம், அவற்றின் உடைந்த விளிம்பையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓட்டின்மேல் எலுமிச்சைச் சாறு போன்ற புளிநீர் விட்டு, நுரைத்தால் சிப்பி உளது என்பது போதாது. சுட்டுச் சுண்ணாம்பான துகளும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மீட்டும் ஏற்றுக் கார்பனேட்டு ஆகும். நிலத்தடி நீர் படியவிட்டதும் நுரைக்கும். நுரை வினாவைத் தொடங்கி வைக்குமேயன்றி முடித்து வைக்காது.

சிப்பியும் சுடுமண்ணும் நம் நாட்டில் ஒன்றையொன்று வலிமைப்படுத்தியதற்கு ஐயமற்ற சான்று வேறிடத்தே உளது. அது சூளையன்று, மாடி. மட்டப்பாத் தளத்தை நம் கொத்தர் அமைத்த முறையை நோக்குவோம். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் உடைத்த செங்கற் சல்லியைச் சுண்ணாம்பொடு கலந்து பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பர். அடிக்கும்போது கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டி கரைத்த நீரையும் தெளிப்பர். பனை மலிந்த இத்தென்பாண்டி நாட்டில் கருப்பட்டிக்குக் குறைவில்லை. முடிவில் மெல்லிய தட்டோடுகளைச் சாந்திற் பதித்து இணைப்புகளை இழைத்துவிடுவர். உடைந்த செங்கல்லையும் ஓட்டையும் இடித்தெடுத்த தூளைச் 'சுருக்கி' என்று சாந்திற் சேர்த்தலும் உண்டு.

இங்கு நிகழ்வது யாது? மிதமான சூட்டில் வெந்த களிமண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நீரின் துணையாற் கூடி, நீரிற் கரையாத புதுப்பொருளாக இறுகுகின்றன. வெறுஞ்சுண்ணாம்பு காற்றுப் பட்டே இறுகும். செங்கற்றூள் சேர்ந்த சுண்ணாம்பு காற்றுப் புகாத ஆழத்திலும் இறுகும். உரோம நாட்டு விட்ருவியசு என்பார் கி.மு. முதல் நூற்றாண்டில் சாந்தில் மூன்றிலொரு பங்கு இடித்துச் சலித்த ஓட்டுத்தூள் சேர்க்கவேண்டும் என்று விதித்தது இதுபற்றியே. நம் கொத்தர்க்கு விட்ருவியசு வேண்டியிருக்கவில்லை. சூளையில் உடைந்து வீணான ஓடும், கரையில் அழுகி வீணான சிப்பியும் அவர் கையில் ஒரே தளமாயின. தீயிற் சேர்ந்தால் பிளக்கும் இரண்டும் நீரிற் சேர்ந்து இறுகும் என்பதனை அவர் ஏட்டில் எழுதவில்லை. ஆயின் அறியாது செய்தாரல்லர். மண் மிதிக்கும்போது சுக்கானை எறிந்ததும், தளம் அடிக்கும்போது செங்கற்றூளைச் சேர்த்ததும் ஒரே அறிவின் இரு கூறுகளே.

அவ்வறிவிற்கு எட்டாதது ஒன்றே: துகளின் நுண்மை. வெடிப்புக்குக் காரணம் சுண்ணம் அன்று, பருத்த துண்டு. சிப்பியை மாவாக அரைத்துக் களிமண்ணெங்கும் சீராகப் பரப்பி, 900 பாகைக்கு மேற் சுட்டால், சுண்ணாம்பு தனித்து நில்லாது சிலிக்காவொடும் அலுமினாவொடும் கூடி அனார்த்தைட்டு, வொல்லாஸ்டனைட்டு என்னும் படிகங்களாக மாறுகின்றது. அப்பொழுது நீறுதற்குச் சுண்ணாம்பே எஞ்சுவதில்லை. ஓடு சுருங்குதலும் ஈரத்தால் வீங்குதலும் குறைகின்றன. இக்காலச் சுவரோட்டுத் தொழிற்சாலைகள் சுண்ணாம்புக் கல்லை இவ்வாறே அரைத்துச் சேர்க்கின்றன. அக்கல்லின் இடத்திற் சிப்பியை வைப்பதே புதிய ஆராய்ச்சியின் சாரம். வியப்பு யாதெனில், சிப்பியை மாவாக அரைக்கும் கலை நம்மிடம் இருந்தது. ஆயின் அது சித்த மருத்துவரிடம் இருந்தது. முத்துச்சிப்பிப் பற்பம் செய்வோர் சிப்பியைத் தூய்மைசெய்து, அரைத்து, அகலில் வைத்துச் சீலைமண் செய்து, வறட்டியிற் புடமிட்டனர். குன்றிமணி அளவு மருந்துக்கு அவ்வுழைப்புத் தகும். ஆயிரக்கணக்கான ஓட்டுக்குத் தகாது. எந்திர அரைவை வருமுன் ஓட்டுத்தொழிலார் அதனை மேற்கொள்ளாமைக்கு அறியாமை காரணமன்று, கூலிக் கணக்கே காரணம் என்று கொள்வது பொருந்தும்.

காளவாய்க்கு முத்துச்சிப்பி என்றும் போதியதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். பாரிற் சிப்பி விளையாத ஆண்டுகளே மிகுதி. சலாபம் பல்லாண்டு நிகழாதிருத்தல் வழக்கம். அக்காலங்களிற் கரையோரக் கிளிஞ்சலும் மட்டியும் காளவாய்க்குச் சென்றன. அவையும் போதாவிடத்து முருகைக்கல்லை வெட்டினர். தூத்துக்குடிக் கடலில் முருகைக்கல் வெட்டுதல் கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் நெடுங்காலம் நடைபெற்றது. மன்னார்க் குடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கியமைக்கு அவ்வெட்டுதலே பெருங்காரணம் என்பர். பவளவுயிர்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. முத்துக்குளிப்போ 1955 முதல் 1961 வரை நிகழ்ந்ததற்குப் பின் தூத்துக்குடியில் நடைபெறவில்லை.

ஆதலின் இன்று ஓட்டிற் கலத்தற்குச் சிப்பி எனின் அது முத்துச்சிப்பி அன்று. உணவுக்காகத் திறந்த மட்டி, ஆளி முதலியவற்றின் ஓடும், பதனிடும் கூடங்களில் எஞ்சும் நண்டு, இறால் ஓடுமே. இவை ஒரே தன்மையன அல்ல. மட்டியோடு பெரும்பாலும் கார்பனேட்டு. இறால் ஓட்டில் கைட்டின் என்னும் உயிர்ப்பொருள் மிகுதி. அது சூளையில் எரிந்து புழையை விட்டுச் செல்லும். அங்ஙனம் சென்றால் ஓடு எடை குறையுமேயன்றி உறுதி பெறாது. மேலும் பழைய சிப்பியை வெயிலும் மழையும் திங்கட்கணக்காகத் தூய்மைசெய்தன. இன்று கூடத்திலிருந்து நேரே வரும் ஓட்டில் உப்பு நீங்காதிருக்கும். வெடிப்பைத் தடுக்கும் அவ்வுப்பே, அளவு மீறினால், ஓடு சுட்டபின் அதன் முகத்தில் வெண்மையாகப் பூத்து நிற்கும். உவரி நிலத்துச் செங்கற்சுவரில் உப்புப் பூத்தலைத் தூத்துக்குடியார்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.